நாற்பது அங்குல நூல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் 'கதை விடாதே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். இது 1958 பிப்ரவரியில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் சகாயநாதனுக்கு நடந்தது. அவர் ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் மேக்கர். இரும்பில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து கொடுக்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் செய்ததைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இல்லாததை அளந்து சொல்லமாட்டார்.

ஸ்ரீரங்கத்தில் சுபேதார் ரங்கசாமி என்று ஒருவர் இருந்தார், பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர். 1942-ல் பர்மாவில் ஜப்பான்காரன் துரத்தி வந்தபோது, ஒரு காட்டாற்றுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்து மெடல் வாங்கியவர். அந்தக் காட்சியைச் சின்னதாகச் செய்து, முன்னாள் ராணுவத்தார் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அவருக்கு ஆசை. சகாயநாதனைத் தேடி வந்தார்.

"பாக்குறவன் அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கணும். அச்சு அசல்!"

"அளவு குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சுபேதார் நோட்டைப் பிரித்து மடமடவென்று படித்தார். பாலம் 360 அடி. தூண் ஆறு, ஆறிலும் வெடி. வெடிக்கு வயர் ஒரே சுருள், 240 அடி. எதிர்க்கரைப் பக்கத்துக் கடைசித் தூணிலிருந்து இழுத்தது. இன்னொரு சுருள் ஆற்றோடு போய்விட்டது. நம் கரையில் ஒரு பள்ளம். அதில் உட்கார்ந்துதான் அவர் வெடிப்பெட்டியின் கைப்பிடியை அழுத்தினாராம். மற்ற ஒன்பது பேரும் கரையில் எங்கெங்கே நின்றார்கள் என்றும் சொன்னார்.

"பத்துப் பேர்தானா? நோட்டுல பதினொண்ணுன்னு இருக்கே?"

சுபேதாரின் முகம் சுருங்கியது. "வீரமலைன்னு ஒருத்தன். முந்தின நாளே ஓடிப்போயிட்டான். அந்தப் பேரை எடுக்காதீங்க."

சேதி எப்படித்தான் பரவியதோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் கீரை விற்கிற மயிலம்மாள் கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். திருவெறும்பூர்ப் பக்கத்துப் பெண்.

"அய்யா, பாலம் செய்யறது நீங்கதானா? எங்க வீட்டுக்காரரு வீரமலை. அவரையும் வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. அவர் வந்து..."

"ஓடிட்டாருங்கறாங்க. பதினாறு வருஷமா ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கறதுதான் எனக்குப் பேரு. இருக்காரா இல்லையான்னும் தெரியல. இதைக் கழட்டவும் மனசு வரல." கழுத்து மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஓடுற ஆளில்லீங்க."

சகாயநாதன் அந்தக் கயிற்றையே பார்த்தார். ஆனால் அளவில் இல்லாத ஆளை எங்கே வைப்பது? இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

வேலை மும்முரமாக நடந்தது. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. பாலம் அறுபது அங்குலம் வந்தது. பலகை பலகையாக இழைத்து ஒட்டினார். பாதைப் புழுதிக்குச் செங்கல் பொடியை வேட்டித் துணியில் சலித்துத் தூவினார். ஈயத்தில் பத்து ஆட்கள், பத்துப் பேர் காலிலும் பூட்ஸ். கரையோரம் ஒரு லாரி. வயருக்குக் கறுப்பு நூல். அதை மட்டும் பள்ளம் வரைக்கும் எட்டுகிற மாதிரி கண்ணாலேயே பார்த்து வெட்டி ஒட்டிவிட்டார். ஆயுளில் அவர் அளக்காமல் வெட்டியது அது ஒன்றுதான்.

இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஷிஃப்டுக்குப் போகுமுன் வேலை பார்க்க, தினமும் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார்.

பிப்ரவரி 11, செவ்வாய். காலை 5.20. அடுக்களையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் ஒரு சத்தம்.

டொக்...

போய்ப் பார்த்தார். பள்ளத்தில் ஒட்டியிருந்த நூல் பிய்ந்து, அதன் நுனி பாலத்தின் மேல் கிடந்தது.

"எலிக்குக்கூட உங்க பாலம் புடிச்சுப்போச்சு போல," என்று சிரித்தாள் மனைவி லூர்துராணி. அவரும் சிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டினார்.

பிப்ரவரி 12, புதன். மறுபடியும் 5.20.

டொக்...

இந்தத் தடவை நூல் அறுந்திருந்தது. பிளேடு வைத்த மாதிரி சுத்தமான வெட்டு. வெட்டுப்பட்ட நுனி பாலத்தின் மேல், முதல் தூணுக்கும் இரண்டாம் தூணுக்கும் நடுவில். மீதி நூல் பள்ளத்துக்குள் வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எலி நூலைக் கடிக்கும். சுருட்டி வைக்குமா?

நுனி இருந்த இடத்தில் பலகை ஈரமாக இருந்தது. சேற்று வாடை வேறு. காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். இது காவிரிச் சேறு இல்லை.

அளவுகோலை எடுத்தார். பாலத்தின் மேலிருந்த நூல் சரியாக நாற்பது அங்குலம். வார்ப்பு இரும்பு ஆறினால் சுருங்கும் என்று பேட்டர்ன் மேக்கர்கள் துளி நீளமான கோல் ஒன்று வைத்திருப்பார்கள். அவசரத்தில் அதை எடுத்துவிட்டோமோ என்று சாதாரணக் கோலால் மறுபடி அளந்தார். நாற்பதுதான்.

நாற்பது அங்குலம். அதாவது 240 அடி.

சுபேதார் சொன்ன வயர் அதே 240 அடி. அது பள்ளத்துக்கு எட்டாது. கரைக்கே எட்டாது! யாரோ பாலத்தின் மேலேயே உட்கார்ந்துதான் அழுத்தியிருக்க வேண்டும். ரங்கசாமி ஒவ்வொரு எண்ணையும் சரியாகத்தான் சொல்லியிருந்தார், கூட்டிப் பார்க்கத்தான் மறந்துவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன். 5.05-க்கே ஜன்னலைத் தாழிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கையில் பூதக்கண்ணாடி.

5.10. ஒன்றுமில்லை.

5.15. சேற்று வாடை... மெல்ல...

5.17. செங்கல் பொடியில் ஒரு புள்ளி விழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

கண்ணாடியை அருகில் கொண்டுபோனார். அரை அரிசி அளவு. ஐந்து விரல். குதிகால். வெறுங்கால்...

"மாதாவே..."

அடுத்தது. அதற்கடுத்தது. நம் கரையிலிருந்து பாலத்துக்குள் தடம் போய்க்கொண்டே இருந்தது.

கால் விழுவது தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

நூல் நுனியில் தடம் நின்றது.

இரண்டு குழி. முழங்கால்.

5.20.

டொக்...

அவர் கண்ணைத் திறந்தபோது, ஈய ஆட்கள் பத்துப் பேரும் குப்புற விழுந்து கிடந்தார்கள். ரங்கசாமியின் பொம்மை பள்ளத்தில் இல்லை. லாரிக்குப் பின்னால் கிடந்தது.

போன தடம் இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார்.

"சார், எத்தனை மணிக்கு அழுத்துனீங்க?"

"காலைல ஆறு. ரெக்கார்டுலயே இருக்கு."

"அஞ்சு இருபது இல்லையா?"

சுபேதார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"வெறுங்காலோட பாலத்துக்குப் போனவர்."

ரங்கசாமி எழுந்து உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். திறந்தார். உள்ளே ஒரு ஜோடி பழைய பூட்ஸ்.

"பலகைல சத்தம் கேக்கக் கூடாதுன்னு கழட்டி என் கையில குடுத்தான். போக வேண்டியவன் நான். கால் வரல சாமி... அவன் போனான். 'அழுத்திட்டு ஓடியாந்துடறேன், இதைப் பத்திரமா வச்சிருங்க'ன்னான்." அழுதார். "செத்தான்னு எழுதினா, ஏன் அவன் போனான்னு கேப்பாங்க. அதான் ஓடிட்டான்னு எழுதினேன்."

சகாயநாதனுக்கு வந்த ஆத்திரத்தில் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஒரு பொம்பளைய பதினாறு வருஷம் ஊர் சிரிக்க வச்சிட்டீங்களே! விழாவுல எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லணும். இல்லைன்னா பாலம் என் வீட்டை விட்டு நகராது."

சொன்னார். இருபத்துமூன்றாம் தேதி மேடையில் மெடலைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். பட்டாள ஆபீசுக்கும் கைப்பட எழுதிக் கொடுத்தார். மயிலம்மாள் அந்த பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கதறியதைப் பார்த்து அழாதவர்கள் இல்லை.

நூல் நுனியில், மண்டியிட்டு, வெறுங்காலோடு பதினோராவது ஆள். சகாயநாதன் பொடியை மறுபடி ஒரே சீராகச் சலித்துத் தூவினார். கண்ணாடிக் கடை பஷீர் அகமது நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் பூசி மூடினார்.

அதன் பிறகு வீட்டில் சத்தம் இல்லை.

1959 ஏப்ரலில் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. வீரமலை போரில் உயிர் நீத்தவர், மனைவிக்குப் பென்ஷன். அவர் பேரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து உள்ளே வைக்கப் பெட்டியைத் திறந்தார்கள்.

சகாயநாதன் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பொடியில் தடம். அரை அரிசி அளவு. மண்டியிட்ட ஆளிடமிருந்து நம் கரைக்கு. லாரியைத் தாண்டி, மரப்பலகையின் ஓரம் வரை வந்து, அங்கே முடிந்திருந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மயிலம்மாள் வீட்டுக்குப் போனார். மத்தியானம் 12.40. தார் உருகுகிற வெயில்.

அவள் சிரித்தபடி வெளியே வந்தாள். கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. கயிறு புதுசு, மஞ்சள்கூடக் காயவில்லை.

"கடுதாசி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க."

"அப்ப... இது?"

"இதை எதுக்குங்க கழட்டணும்? நீங்க பொட்டிய மூடுனீங்களே, மறுநாள் விடியக்காலையிலேயே வந்துட்டாரு."

வாசலுக்கு வெளியே அந்தப் பழைய பூட்ஸ் ஜோடியாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி. சாணி மெழுகிய தரையில் ஈரமாக வெறுங்கால் தடம், முழு ஆள் அளவு. அதே சேற்று வாடை.

உள்ளே போன தடம் மட்டும்தான் இருந்தது.