பாத்திரக் கடைக்கு ஓடிட் வந்தபோது

எங்கடை தொழிலிலை ஒருத்தரும் சிரிச்ச முகத்தோடை வந்து கதவைத் தட்டினதில்லை. கொழும்பு வெள்ளவத்தையிலை வரிக் கணக்குப் பாக்கிறவள் நான். ஓடிட், அதுதான் கணக்குத் தணிக்கை, எண்டு ஒரு கடிதம் வந்து, சோறு இறங்காமல் இருந்த ஆக்களே, இது உங்களுக்குத்தான்.

பிள்ளையாரிட்டை முதல்

காலி வீதியிலை பாத்திரக் கடை வைச்சிருக்கிற குகதாசன் அண்ணைக்கு வரிக் கந்தோராலை கடிதம் வந்தது. கணக்கை ஓடிட் பண்ணப் போறம், சாமான் வாங்கின பில்லுகள் எல்லாத்தையும் கொண்டு வாங்கோ எண்டு. பில் இல்லையெண்டால் வித்த காசு முழுக்க லாபம் எண்டு கணக்குப் போட்டுடுவினம். பிறகு கடையை வித்துத்தான் வரி கட்டோணும். மனுசன் அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னாலை சொருகிப்போட்டு, தவணை முடியிற கிழமைதான் என்னட்டை ஓடி வந்தார். எனக்கு வந்த கோவம்! "ஏன் அண்ணை இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?" எண்டு கத்தினன்.

"பிள்ளையாருக்குக் காட்டினனான் பிள்ளை. அவர் ஒண்டும் சொல்லேல்லை."

கிழியாத பில்

"ஒரு பில் விடாமல் கொண்டு வாங்கோ, கிழியாமல், கசங்காமல்" எண்டு நான் சொன்னதுதான் பிழை. எங்கடை சனத்துக்கு லமினேட் பண்ணுறதெண்டால் தனிப் பிரியம். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலை பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் மழையிலை நனைஞ்ச பயம் இன்னும் போகேல்லை. எந்த வீட்டிலை போய்க் கேட்டாலும் பள்ளிக்கூடச் சான்றிதழ் வரைக்கும் பிளாஸ்டிக்குக்குள்ளைதான் கிடக்கும். அண்ணையும் அத்தனை பில்லையும் லமினேட் பண்ணி, ஒரு சூட்கேஸிலை கொண்டுவந்து இறக்கினார். முகத்திலை அப்பிடி ஒரு பெருமை!

மெஷினிலை அடிக்கிற அந்த மினுங்கல் பில் கடதாசி சூடு பட்டால் கறுத்துப் போகும். லமினேட் மெஷினோ நல்ல சூடு. ஒண்டொண்டா எடுத்துப் பாக்கிறன், எல்லாம் கருகின தோசை. கடைப் பேருமில்லை, விலையுமில்லை. நான் தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருந்திட்டன். அவர் ஒரு கறுத்த தாளை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார்.

"கறுத்தாலும் இனிக் கிழியாது பிள்ளை."

ஹாஜியாரின்ரை கம்ப்யூட்டர்

நல்ல காலம், அண்ணை சாமான் முழுக்க எடுக்கிறது புறக்கோட்டையிலை மொத்தக் கடை வைச்சிருக்கிற ஒரே ஒரு ஹாஜியாரிட்டை. வெயிலுக்குள்ளை போய் நிண்டு கெஞ்சினன். மனுசன் கம்ப்யூட்டரிலை இருந்து எல்லாப் பில்லையும் திருப்பி அடிச்சு, சீலும் குத்தித் தந்தார், தேத்தண்ணியும் தந்தார். கும்பிடலாம் போலை இருந்தது. வெளிக்கிடேக்கை, நான் காட்டின கறுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"எங்கட பில்லுக்கு இவ்வளவு மரியாத தந்த ஆள் இவர் மட்டும்தான் தங்கச்சி. மத்த ஆக்கள் அதுல வடை சுத்துற."

கேட்டதுக்கு மட்டும்

கந்தோருக்குப் போக முதல் அண்ணையை இருத்தி வைச்சுப் பாடம் எடுத்தன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும், மிச்சத்தை நான் கதைப்பன் எண்டு. அவரின்ரை மனுசி ராணி அக்கா கதவடியிலை நிண்டு கேட்டுப்போட்டுச் சிரிச்சா.

"நான் இவ்வளவு வருசமா மூடப் பாக்கிற வாய் பிள்ளை, நீர் ஒரு பின்னேரத்திலை மூடப் போறீரோ?"

சேர் சொன்ன ஆறுதல்

கந்தோரிலை எங்கடை பைலைப் பாத்த அதிகாரி சேர் சிங்கள ஆள், தங்கமான மனுசன். பில்லுகளைப் புரட்டினார், கணக்கைத் தட்டிப் பாத்தார், எல்லாம் சரி. அண்ணையும் வாயே திறக்கேல்லை. எனக்கு வயித்திலை பால் வார்த்த மாதிரி இருந்தது. சேர் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்துக்கொண்டு, அண்ணைக்கு ஆறுதலாத்தான் ஒரு வார்த்தை சொன்னார்: "பொடி கடயக் னே." சின்னக் கடைதானே எண்டு.

அவ்வளவுதான். அண்ணைக்கு முகம் சிவந்து போச்சு. மேசைக்குக் கீழாலை அவருக்கு ஒரு உதை விட்டன், அது சேரின்ரை காலிலை பட்டுது. அதுக்கிடையிலை அண்ணை பேலியகொடையிலை தனக்கு இருக்கிற பெரிய சாமான் களஞ்சியத்தை, நீளம் அகலத்தோடை, நல்ல சிங்களத்திலை விவரிச்சு முடிச்சிட்டார். கணக்கிலை இல்லாத களஞ்சியம் எண்டதும் சேர் பேனையை மூடினார். அடுத்த கிழமை களஞ்சியத்தைப் பாக்க வருகினமாம். முடிஞ்ச ஓடிட் திரும்பத் தொடங்கிச்சுது.

ஓட்டோவிலை வரேக்கை எனக்கு அழுகையே வந்திட்டுது. "என்னட்டைக்கூட ஏன் அண்ணை அந்தக் களஞ்சியத்தைச் சொல்லேல்லை?" எண்டு கேட்டன். அண்ணை கடல் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தார்.

"அது மச்சான்ரை களஞ்சியம், பிள்ளை. அதுக்காக, என்னைச் சின்னக் கடைக்காரன் எண்டு சொல்லலாமோ?"

இந்தத் தொழிலுக்குக் கணக்குப் படிச்சது மட்டும் காணாது, பக்கத்திலை இருக்கிறவரின்ரை வாயை எட்டிப் பொத்துற அளவுக்குக் கையும் நீளமா இருக்கோணும்.