நான்கு தரம் புதைத்த தளபதி

எங்கள் முதியோர் சங்கம் கோடையில் ஒருமுறை நயாகராவுக்கு பஸ் பிடிக்கும். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து வாசலில் ஏறினால், அருவியைப் பார்த்து, கட்டுச்சாதம் சாப்பிட்டு, திரும்பும் வழியில் றிச்மண்ட் ஹில் கோயிலில் மாலைப் பூசையும் கண்டு வரலாம். போன கோடையில் ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"ஆக்களை எண்ணுறதுக்கு உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?" என்றார் தலைவர். அது பாராட்டா கேலியா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன்.

கிடைத்த அதிகாரத்தில் ஒரேயொரு மாற்றம் செய்தேன். அருவிக்குச் சற்று முன்னால் குவீன்ஸ்டன் மேட்டில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். இந்த நாடு பிரித்தானியரிடம் இருந்த காலத்தில், 1812இல், அமெரிக்கப் படை ஆற்றைக் கடந்து வந்து ஏறிய மேடு அது. அந்தப் போரைப் பற்றி நூலகத்தில் கிடைத்த பதினொரு புத்தகங்களைப் படித்திருந்தேன். முப்பது வருடமாக இந்த நகரத்தில் வரி கட்டுகிறோம். அமெரிக்கர் இங்கே வந்து சட்டசபையை எரித்தது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பஸ்ஸில் எனக்கும் மனைவிக்கும் பக்கத்தில் மூன்றாம் மாடி அன்ரி இருந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அன்ரி. எனக்கு வயதில் இளையவர். அஜக்ஸில் இருக்கும் அவருடைய ஒரே மகளுக்கு மறுநாள் காலையில் இருதயத்தில் சத்திரசிகிச்சை. அன்று மாலை மகளின் பெயரில் அபிஷேகத்துக்குச் சொல்லியிருந்தார்.

"அருவி எனக்கென்னத்துக்கு அண்ணை? என்னைக் கோயிலில இறக்கிவிட்டாக் காணும்."

மேட்டில் உயரமான கல்தூண் ஒன்று நிற்கிறது. அதன் படியில் ஏறி நின்று பேசத் தொடங்கினேன். மறு வருடம் அமெரிக்கர் எங்கள் நகரத்தை எரித்ததையும், அதற்கு அடுத்த வருடம் பிரித்தானியர் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதியின் மாளிகையையே எரித்ததையும் சொன்னேன்.

"உது எங்கட வேலிச் சண்டை மாதிரியெல்லோ!" என்று ஒருவர் சிரித்தார்.

உற்சாகம் பிடித்துவிட்டது. "பிரித்தானியத் தளபதி குண்டு பட்டு இந்தச் சரிவிலதான் விழுந்தவர். இந்தத் தூணுக்குக் கீழதான் அவரின்ரை உடம்பு இருக்கு" என்றேன்.

அன்ரி ஓரடி பின்னால் போனார். "ஐயோ அண்ணை, அப்ப இது சவக்காலையே?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் விபரம் குறைவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. "அவரை நாலு தரம் அடக்கம் செய்தவை, தங்கச்சி. முதலில கோட்டையில. பிறகு இங்க. பழைய தூணை ஆரோ வெடி வைச்சுடைக்க, வேற இடத்தில. கடைசியாத் திரும்பவும் இங்க. பக்கத்தில அவரின்ரை உதவியாளரும்."

"ரெண்டு பேரோ!"

கூட்டம் பஸ்ஸை நோக்கி நடந்தது. சவக்காலைக்குப் போய்வந்தவர்கள் தீட்டுக் கழிய முழுகாமல் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை.

"இருநூறு வருசம் போட்டுது. துடக்கெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும்" என்றார் தலைவர்.

அன்ரி பூவும் பழமும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். "மற்ற நாளெண்டால் நானும் துடக்குப் பாக்கமாட்டன். நாளைக்கு என்ரை பிள்ளையை வெட்டப் போறாங்கள்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டோர்செட் பார்க்குக்குப் போய் முழுகிவிட்டுப் புறப்பட்டால் கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் இருந்த என் மனைவி என் கையைத் தட்டினாள். "இஞ்சாருங்கோ, தண்ணியைத்தானே பாக்கப் போறம்? படகில ஏறுவம். அங்க தலை நனையாமல் ஆர் வந்தது?"

அன்ரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் ஆறுதானே" என்றார்.

படகில் ஏறும்போது எல்லோருக்கும் மழைச்சட்டை கொடுத்தார்கள். அன்ரி அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள்.

"யூ வில் கெற் வெற்" என்று எச்சரித்தாள் படகில் நின்ற பெண்.

"ஓம் ஓம், அதுக்குத்தான்" என்றார் அன்ரி தமிழிலேயே.

நான் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தேன். எனக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது. மனைவி என் தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். "கொண்டுபோய் விட்டது நீங்கள். நீங்களும் முழுகுங்கோ."

அருவிக்குக் கிட்டப் போனதும் தண்ணீர் வாளி வாளியாக வந்து விழுந்தது. அன்ரி கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். பின்னால் நின்ற தலைவரும் கூப்பினார். நானும்தான்.

ஓகஸ்ட் மாதத்தில் ஹீற்றர் போடச் சொன்ன எங்களைப் பஸ் சாரதி விநோதமாகப் பார்த்தார்.

"அண்ணை, கடைசியா அந்தச் சண்டையில ஆர் வெண்டது?" என்று கேட்டார் அன்ரி, கூந்தலைத் துவட்டியபடி.

"ஒருத்தரும் இல்லை. எல்லை முந்தி இருந்த இடத்திலயே இருக்கட்டும் எண்டு கையெழுத்து வைச்சவை."

"இதுக்கே அந்த மனுசனை நாலு தரம் புதைச்சவை?" அன்று முதல்முறையாக அவர் சிரித்தார்.

அபிஷேகம் குறித்த நேரத்தில் நடந்தது. ஈரம் காயாத சேலையோடு அன்ரி முன்னால் நின்று, மகளின் நட்சத்திரத்தை ஐயரிடம் இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. அன்ரியின் மகள் சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்துவிட்டாள், அம்மா எங்கே என்று கேட்டாளாம். மனைவி அதை எனக்குச் சொல்லிவிட்டு, என் சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தாள். தும்மிக்கொண்டே சந்தோசமாகக் குடித்தேன்.