முன்கூட்டியே போட்ட கையெழுத்து

பள்ளிச் சாப்பாட்டில் சில்லி என்ற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போடும் நாள். வரிசையில் நின்ற திக்குவாய்ச் சிறுமிக்கு ரொட்டி கேட்க வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டெல்ஃபா கை தவறினாற்போலத் தன் தட்டைக் கீழே போட்டாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அதற்குள் குழந்தை கேட்டு முடித்துவிட்டது. டெல்ஃபா வேண்டுமென்றே தட்டைப் போட்டதை மார்லிஸ் ஒருத்திதான் கண்டாள்.

டெல்ஃபா அங்கே பேச்சுப் பயிற்சி உதவியாளர். மார்லிஸ் அவளுக்கு மேற்பார்வையாளர். மார்லிஸ் வாராவாரம் கூட உட்கார்ந்து பார்த்து, தாளில் கையெழுத்திட்டால்தான் டெல்ஃபாவின் வேலை செல்லும். மேற்குக் கேன்சஸில் மார்லிஸுக்கு நான்கு பள்ளிகள். ஒன்றுக்கொன்று நாற்பது மைல். ஆகவே ஆகஸ்டிலேயே வருடத்துக்கான வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரியில் லைசன்ஸ் வாரியம் அந்தத் தாள்களைக் கேட்டுக் கடிதம் எழுதியது.

வாரியத்திடம் யார் போட்டுக் கொடுத்தது? மார்லிஸுக்கு உறக்கம் போயிற்று. இருபது வருட லைசன்ஸ் ஆயிற்றே! அவள் அறைக்குள் நுழைந்தால் டெல்ஃபா நோட்டை மூடுகிறாள்.

"என்னத்த எழுதுற?"

"ஜெபக் குறிப்பு."

"அதுல என் பேரு இருக்கா?"

"இருக்கு. பனியில வண்டி ஓட்டுறீங்களே."

அந்தப் பதிலும் மார்லிஸுக்குக் குத்தலாகவே பட்டது.

தாள்களை வாங்கிப் பார்த்தாள். அவள் வராத நாள்களில் எல்லாம், அவள் கையெழுத்துக்கு மேலேயே, "இன்று வரவில்லை" என்று எழுதியிருந்தது.

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியேடி!"

"வாங்கன்னு மூணு தடவ சொன்னேன், மார்லிஸ். ரோடு சரியில்லன்னீங்க."

"வந்தேன்னு எழுதினா உன் கை தேஞ்சா போகும்?"

"தேயாது. ஜெபத்துக்குக் கூப்ப வராது."

மார்லிஸ் புதுத் தாள்களை நீட்டினாள். "எல்லாத்தையும் மாத்தி எழுதிரலாம். நீயும் ஒரு கையெழுத்துப் போடு." டெல்ஃபா பேனாவைத் தொடவில்லை. பழைய தாள்களே வாரியத்துக்குப் போயின.

ஒரு வருடம் யாரையும் மேற்பார்வையிடக் கூடாது என்று மார்லிஸுக்கு உத்தரவு வந்தது. வேறு மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தில் இல்லாததால் டெல்ஃபாவுக்கும் வேலை போயிற்று. டெல்ஃபா தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றுவாளா என்று மார்லிஸின் ஒரு மனம் கேட்டது. ஊற்றினாலும் ஊற்றுவாள் என்றது இன்னொரு மனம். ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

கடைசி நாள், டெல்ஃபா பெட்டியைக் காரில் வைக்கும்போது மார்லிஸ் கேட்டே விட்டாள்: "நீதானே வாரியத்துக்கு எழுதிப் போட்ட?"

டெல்ஃபா கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இல்ல, மார்லிஸ். ஆனா அவங்க என்னைக் கேட்டிருந்தா, மறைச்சிருக்க மாட்டேன்."