பிரேஸ் குத்துகிறது என்றாள் மகள்

என் மகள் காவ்யாவுக்குப் பதின்மூன்று வயது. முதுகெலும்பின் வளைவு மேலும் கூடாமலிருக்க, உடம்பைச் சுற்றி பிளாஸ்டிக் பிரேஸ் அணிகிறாள். ஒரு வாரமாக, "குத்துதும்மா" என்றாள். கழற்றச் சாக்குத் தேடுகிறாள் என்று நினைத்து, வாரை இன்னும் இறுக்கிவிட்டேன்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு துணிக்கடையில், அவள் பிரேஸைக் கழற்றித் தீபாவளிக்குச் சுடிதார் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். விலாவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஏன்டா காட்டல?"

"சொன்னேன்ல, நீங்க நம்பல."

பிரேஸை மறுபடி மாட்டாமல் பையில் வைத்தேன்.

மறுநாள் மருத்துவமனையில் பிரேஸ் பொருத்துபவர், "பிள்ளை வளர்ந்துட்டா லா, இது சின்னதாயிடுச்சு. நல்லவேளை, புண் ஆழமா போகல," என்றார். புண் ஆறியதும் புது பிரேஸ் கிடைத்தது.

இப்போது தினமும் அவள் குளித்து வந்ததும் விலாவையும் முதுகையும் பார்க்கிறேன். வலிக்கிறது என்றால், முதலில் பிரேஸைக் கழற்றிப் பார்க்கிறேன், பேச்செல்லாம் அப்புறம்தான்.