நான் பிடித்த படகுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு படகைப் பிடித்தேன். வாடகைக்கு அல்ல, தூண்டிலால். ஈசூனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கத்தில், என் வயதுக்குரிய நிதானத்தோடு வீசியதாகத்தான் நினைவு. ரப்பர் மீனும் கொக்கியும் தண்ணீரில் விழாமல், அந்த வழியாகக் கயாக்கில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்த ஓர் இளைஞனின் முதுகுக்குப் பின்னாலிருந்த பையில் போய் மாட்டிக்கொண்டன. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. இழுபடுவதை உணர்ந்து திரும்பியவன் முதலில் கைபேசியை எடுத்து என்னைப் படம் பிடித்தான். அதன் பிறகுதான், "அங்கிள், ஓகேவா நீங்க?" என்றான். நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தப் படம் பலர் கை மாறி என் மகளின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பிடித்த இரண்டாவது படகு அது. முதல் படகு இதைவிடப் பெரியது. பயணிகளும் இருந்தார்கள்.

கயாக்குக்கு வாசனையே கிடையாது. நான் முதலில் பிடித்த படகுக்கு டீசல், தார், ஈரக் கயிறு எல்லாம் கலந்த ஒரு நெடி உண்டு. அந்த நெடியை நினைத்தால் கூடவே தேக்கா மார்க்கெட்டின் இறால் நாற்றமும் வந்துவிடும். நான் காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், ஞாயிறு காலை தூண்டிலில் இரையாக மாட்ட, தேக்காவில் விற்காமல் தளர்ந்துபோன இறாலாகப் பார்த்து வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பொங்கோல் முனைக்குப் பேருந்து ஏறுவேன். ஓட்டுநர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வரும். கூட்டம் நிறைந்த இந்த ஊரில் அப்படி ஒரு சொகுசு அமைச்சருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

பொங்கோல் முனையில் அப்போது அடுக்குமாடி கிடையாது. பாதை கடலில் போய் முடியும் இடத்தில் ஒரு சிறிய படகுத்துறை. அங்கே எழுதி வைக்காத சட்டங்கள் ஏராளம். அடுத்தவர் வாளிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டாலும் கேட்கலாம், எத்தனை மீன் என்று கேட்கக் கூடாது. "தண்ணி எப்படி?" என்று கேட்கலாம். "சுமார்" என்று பதில் வரும். நாலு கிலோ மீன் வாளியில் துள்ளிக்கொண்டிருந்தாலும் சுமார்தான். யாருக்காவது பெரிய மீன் மாட்டினால் மற்றவர்கள் எல்லோரும், எவ்வளவு நல்ல நேரமாக இருந்தாலும், தங்கள் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். சிக்கிக்கொண்டால் மீன் போய்விடும் அல்லவா. படகுகளோடும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. உபின் தீவுக்கு ஆளேற்றும் படகு துறையை விட்டுக் கிளம்பும்போது நாங்கள் நரம்பை மேலே எடுத்துவிடுவோம், படகோட்டி கையைத் தூக்கிக் காட்டுவார். பதிலுக்கு, நாங்கள் மீனோடு மல்லாடும்போது அவர் என்ஜினை நிறுத்திவிடுவார். சுழலும் விசிறி நரம்பை அறுத்துவிடக் கூடாது என்பதற்காக.

இவ்வளவையும் நான் கரைத்துக் குடித்திருந்தேன். மீன்தான் அவ்வளவாகப் பிடித்ததில்லை. ஆனால் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருந்த கல்யாணியிடம் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன். அவள் அதைத் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்ணீரைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். எங்கள் கல்யாணப் பேச்சு அவருடைய ஒரு தலையசைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"பொங்கோலுக்கா போறாரு? அப்ப நானும் வரேன்னு சொல்லு. வீட்டுல காபி குடுத்துப் பேசினா எவனும் நல்லவனாத்தான் தெரிவான்" என்றாராம்.

அந்த ஞாயிறு அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் தூண்டில் இல்லை; வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் ஆ ஹொக் என்ற டாக்ஸி ஓட்டுநர், வாராவாரம் வருபவர்.

நான் தூண்டிலை வீசி, கம்பின் நுனியில் மணியை மாட்டி, உரையைத் தொடங்கினேன். நூலகத்தில் மீன்பிடி பற்றி ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் எடுத்துப் படித்திருந்தேன். "அங்கிள், இதுல மீன் முக்கியமில்ல. அடுத்தவருக்கு எடம் விடுறதுதான் முக்கியம். பண்பாடுன்னா என்ன…" அவர் "ம்" என்றார். அந்த "ம்"மில் உற்சாகமடைந்து நான் பண்பாட்டை விளக்கிக்கொண்டே போனதில், உபின் படகு கிளம்பியதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் நரம்பை எடுத்தார்கள். படகோட்டி பாக் ஹசான் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். நானும் அன்போடு கையைத் தூக்கினேன். நரம்பை எடுக்கவில்லை.

மணி அடித்தது. சாதாரணமாக அல்ல, தீயணைப்பு வண்டியைப் போல. நரம்புச் சுருள் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது.

"மீன்!" என்று கத்தினேன். "பெருசு! அங்கிள், பெருசு!"

அப்போதுதான் மறுபடி தூண்டில் போட்டிருந்தவர்கள் எல்லோரும் எனக்காக மறுபடி சுருட்டிக்கொண்டார்கள். என் கூச்சலைக் கேட்ட பாக் ஹசான், ஒப்பந்தப்படி உடனே என்ஜினை நிறுத்தினார். அதே நொடியில் மீனும் நின்றது.

"களைச்சிடுச்சு அங்கிள்" என்றேன், நிபுணனின் குரலில். "இனிமே பொறுமையா கொண்டாரணும்."

பொறுமையாகச் சுருட்டினேன். நீரோட்டத்தில் படகு என் பக்கம் லேசாக ஒதுங்கியது, மீனும் வந்தது. என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து பாக் ஹசான் என்ஜினைக் கிளப்பினார். மீன் பாய்ந்தது. நான் அலறினேன். அவர் நிறுத்தினார். மீன் நின்றது. அவர் பண்புள்ளவர், நான் விடாமுயற்சி உள்ளவன். விட்டிருந்தால் இன்றுவரை அப்படியே நடந்துகொண்டிருக்கும். படகில் காய்கறிக் கூடையோடு இருந்த சீன ஆண்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆ ஹொக் என் நரம்பைப் பார்த்தார். அது போகும் திசையில் படகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வா… ஸ்ட்ராங் ஃபிஷ் லா" என்றார். கல்யாணியின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது முறை நிறுத்தியபோது பாக் ஹசான் எழுந்து படகின் பின்பக்கம் போய்க் குனிந்தார். மோதாமல் இருப்பதற்காகக் கட்டியிருந்த பழைய டயரில் என் கொக்கி குத்தியிருந்ததைக் கண்டிருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற பெரியவரையும் பார்த்தார். இஸ்திரி போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரும் பெண்ணைப் பெற்றவராக இருக்கலாம். மறுபடி குனிந்தார். கத்தி ஒரு முறை மின்னியது. என் கம்பு சட்டென்று நிமிர்ந்தது.

"ஈக்கான் பெசார்!" என்று துறைக்கே கேட்கும்படி கூவினார், பெரிய மீன் என்று. இரண்டு கைகளையும் அகல விரித்து அளவு காட்டினார். "பூத்துஸ்!" அறுந்துவிட்டதாம்.

சீன ஆண்ட்டி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பாக் ஹசான் அவரிடம் ஏதோ முணுமுணுத்தார். ஆண்ட்டி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைத்து, தானும் கைகளை விரித்தார், அவரைவிட அகலமாக. படகு போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. "நெவர் மைண்ட் லா, நெக்ஸ்ட் டைம்" என்று ஆ ஹொக் தோளைத் தட்டினார். நான் நரம்பைச் சுருட்டி முடித்தேன். நுனி பிய்ந்தோ கசங்கியோ இல்லை. நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணியின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நுனியை வாங்கி விரலில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"பல்லு நல்லா கூரா இருந்திருக்கு, தம்பி" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் அவர் எனக்குப் பக்கத்திலேயே, இறால் நாற்றத்தோடு உட்கார்ந்து வந்தார். சிராங்கூன் சாலையில் இறங்கும்போது, "பசிக்கும். சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். மறுநாள் கல்யாணி எதிர் மேசையிலிருந்து, "அப்பா சரின்னுட்டாரு" என்றாள். எதனால் என்று நான் கேட்கவில்லை. தோல்வியிலும் கலங்காத என் முகத்தைப் பார்த்து மயங்கியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு பொட்டலம் லட்டோடு பாக் ஹசானைத் தேடிப் போனேன். எனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சு மலாயில், டயருக்காக மன்னிப்பும் மற்றதற்காக நன்றியும் சொன்னேன். அவர் லட்டை வாங்கிக்கொண்டார், டயரை ஒப்புக்கொள்ளவில்லை. மீன்தான், தானே பார்த்ததாகச் சாதித்தார். வாலைக்கூட வருணித்தார்.

அந்தத் துறையில் இன்று அழகான மரத்தளம், கைப்பிடி, எதைச் செய்யக் கூடாது என்று படம் போட்ட பலகைகள் எல்லாம் இருக்கின்றன. பின்னால் வானம் வரை வீடுகள். தூண்டில்காரர்களும் உண்டு, ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள். பலகை சொல்லாததை யாரும் செய்வதில்லை. ஒரு மனிதன் அசடாவதைப் பார்த்தால் அதை மறைக்க ஊரே சேர்ந்து ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுத முடியாதுதான். கையைத் தூக்கிக் காட்டும் படகோட்டியைப் பார்த்து வெகுகாலமாகிறது. மாமனாரும் போய்விட்டார். கடைசிவரை அவர் என்னிடம் படகைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அதைத்தான் நேற்றுக் கல்யாணியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்கப்பா ஆளை எடை போடுறதுல கெட்டிக்காரர். அந்த ஒரே நாள்ல என் குணத்தைப் புரிஞ்சிக்கிட்டாரு பாத்தியா?"

கல்யாணி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "உங்க குணத்தையா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அந்தப் படகுக்காரரைப் பத்தித்தான் பேசினாரு. அவருக்குக் கல்யாண வயசுல பையன் யாரும் இருக்கானான்னு விசாரிக்காம வந்துட்டேனேன்னு ஒரே வருத்தம்."