தணிகாசலமும் என் மீன்தொட்டியும்

செய்தி வந்தபோது நான் அதை நம்பவில்லை. துக்கத்தில் நம்பாமல் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். லீவுக்காகக் கிளப்பிவிட்ட கதை என்று நினைத்தேன். காலையில் ஆஸ்பத்திரி ஸ்டோரைத் திறந்து, வந்திறங்கிய குளுக்கோஸ் பெட்டிகளின் சீலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் ஆபரேட்டர் மஸ்தானய்யா போனில், "சார், மன தணிகாசலம் போயாரு சார்" என்றார், நம் தணிகாசலம் இறந்துவிட்டார் என்று. "யாரு சொன்னது? நீ பாத்தியா?" என்று கேட்டேன். அவர் வீட்டு வாசலிலிருந்துதான் பேசுகிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு மஸ்தானய்யா போனை வைத்துவிட்டார்.

நகரியிலிருந்து தினமும் ரயிலில் திருப்பதிக்கு டியூட்டிக்கு வருகிறவர் தணிகாசலம். அன்று ரயிலுக்குக் கிளம்பும்போது, சட்டைப் பட்டனைப் போட்டபடியே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நடமாடுகிறவன் நான். போனது அவர்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினால் நடுவில் நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். நம் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்ஓ பிளாண்டைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவர் அவர். கடைசி ஒரு வருஷம் லிஃப்டில் நின்றார். ஏன் மாற்றினார்கள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அதைச் சொன்னவன் நான்தான்.

என் சுபாவம் உங்களுக்குப் புதிதில்லை. பெட்டியின் மேல் நூறு ஊசி என்று எழுதியிருந்தால் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டில் என் மனைவி செல்வி காபி கொடுத்தாலும், சர்க்கரை போட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பேன். ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். அந்த வாரம் ஃபில்டர் வாங்க ஸ்டோருக்கு வந்த தணிகாசலம் சொன்னார்: "சாமி, மீன்தொட்டி ஒண்ணு வெய்யி. பிளாஸ்டிக் செடி இல்ல, நெஜச் செடி வச்ச தொட்டி. பாத்துக்கினே குந்தினா பிபி தானா எறங்கும்." எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். "உனக்கு இதுல இன்னா லாபம்?" என்று கேட்டேன். "எனக்கு இன்னா லாபம்? என் தொட்டில செடி ரொம்பிப் போச்சு. தூக்கிப் போட மனசு வர்ல" என்று சிரித்தார். அவருக்கும் ஒரு காரியம் ஆகிறது என்று தெரிந்ததால்தான் சம்மதித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி நான் வாங்கி வைத்திருந்தேன். அவர் கழுவிக் கொண்டுவந்திருந்த கொஞ்சம் மணலை முதலில் பரப்பினார். மீதி மணலைக் கழுவ இருவரும் மொட்டைமாடிக்குப் போனோம். ஏழு பக்கெட் தண்ணீர். கழுவிய தண்ணீர் தெளிந்து வரும்வரை அவர் விடவில்லை. கீழே வந்து அந்த மணலையும் மேலே பரப்பி, நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். மணல் கலையவே இல்லை. ஈரப் பேப்பரில் சுற்றி வந்த செடிகளை ஒரு நீள இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டார். அந்த இடுக்கி நம் ஆபரேஷன் தியேட்டருடையது என்று எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் முதல் வேலையாக ஸ்டாக்கைப் பார்த்தேன். எல்லா இடுக்கியும் இருந்தது.

"மீன் எப்போ உடறது?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் ஆவும் சாமி. வெறும் தண்ணில மீன உட்டா, அது கழியறதே அதுக்கு வெசம். அதத் துன்றதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க மண்ணுல குடி வரணும். அது வரிக்கும் சொம்மா செடியப் பாத்துக்கினு குந்து."

மீனில்லாத மீன்தொட்டியை ஒரு மனுஷன் தலையில் கட்டிவிட்டுப் போகிறான் என்றால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

பத்து நாளில் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கூழாகக் கரைந்தது. போன் போட்டுக் கத்தினேன். டியூட்டி முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு செடியை மெல்ல அசைத்துப் பார்த்தார். "எல போனா போவட்டும் சாமி. வேர் கீதா பாரு" என்றார். வேர் வெள்ளையாக, உறுதியாகத்தான் இருந்தது. "புது ஊட்டுக்குப் போனா கொஞ்ச நாள் சோறு எறங்காதில்ல, அது மாரி." அழுகப்போன செடிகளை என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து ஒரு ஊறுகாய் பாட்டிலில் எட்டு நத்தைகள் கொண்டுவந்தார். பாசியைத் தின்னுமாம். நான் கேட்டது மீன். அவர் கொண்டுவந்தது நத்தை. ஒரே வாரத்தில் எட்டும் செத்தன. மாதம் முடிந்ததும் நானே போய் ஆறு சின்ன மீன்கள் வாங்கி வந்து விட்டேன். இரண்டே நாள். ஆறும் வயிறு மேலாக மிதந்தன. நெஞ்சுக்கு நல்லது என்று வைத்த தொட்டியின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுபடி வந்தார். வெகுநேரம் தொட்டியையே பார்த்தார். காலி நத்தைக் கூடு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊட்டுல செம்பு சாமான் எதுனா கீதா சாமி?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. செல்வி பிறந்த ஊர் நாகலாபுரம். அங்கிருந்து வந்த அவள் அம்மாவின் செம்பு அண்டா, குடம் எல்லாம் பரண்மேல்தான் இருக்கிறது. மீன் செத்த வீட்டில் இவருக்குப் பாத்திரத்தைப் பற்றி என்ன கேள்வி?

"எதுக்கு?" என்றேன்.

"செம்பு தண்ணில எறங்கினா நத்தை தாங்காது. எங்க பிளாண்டுலயும் செம்புக் குழாயே ஆவாது."

"தொட்டில செம்பும் இல்ல, குழாயும் இல்ல. நீயே வச்ச தொட்டிதானே?"

அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன். பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். தணிகாசலத்தின் வலதுகை முழங்கை வரை நனைந்திருந்தது. தொட்டி கலங்கியிருந்தது. சமையலறை வாசலில் நின்று செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அன்று கிருத்திகை. கிருத்திகையில் எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்குவதில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு அது மட்டும் உறைக்கவில்லை.

"இன்னா பண்ண?" என்று தணிகாசலத்தைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. செடியச் சரி பண்ணேன். பாதித் தண்ணிய எறச்சிட்டுப் புதுசு ஊத்து. வாரத்துக்கு ஒரு வாட்டி, மூணு வாரம். அப்பால பாரு."

"நீ கைய உட்டு இன்னாத்தையோ போட்டிருக்க. இனிமே என் ஊட்டுப் பக்கம் வராத."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "மூணு வாட்டி, மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் வினையே. தண்ணீரை மாற்றினேன். மூன்றாம் வாரம் செடிகள் துளிர்த்தன. மறுபடி மீன் விட்டேன். ஒன்றும் சாகவில்லை. நத்தைகூட எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. கேன்டீனில் உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன், ஞாபகம் இருக்கும்: "அவன் காலடி நின்னுச்சு, தொட்டி பொழச்சுது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? என் தொட்டித் தண்ணிலயே கைவரிசை காட்டுனவன் கையிலதான் டயாலிசிஸ் தண்ணி கீது." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு மேலே போகப் போக வேறாகிவிட்டது. அடுத்த வாரமே அவரை லிஃப்டுக்கு மாற்றினார்கள். பிளாண்ட் தண்ணீரின் பரிசோதனை முடிவுகளில் ஒரு நாளும் ஒரு குறை இருந்ததில்லை. எதற்கு வம்பு என்று மாற்றினார்கள்.

பிளாண்டின் ஸ்பேனரையும் கையுறையையும் ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தார். எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கினேன். "தொட்டி எப்படி கீது சாமி?" என்றார். "நல்லா கீது, நீ வராததால." அவர் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. "அப்ப சரி" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அதன்பிறகு ஒரு வருஷம் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எத்தினியாவது மாடி சாமி?" என்று கேட்பார். என் ஸ்டோர் எந்த மாடி என்று அவருக்குத் தெரியாதா?

நானும் செல்வியும் நகரிக்குச் சாவுக்குப் போனோம். மஸ்தானய்யா யாரிடமோ தமிழும் தெலுங்குமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "யாரோட மீன்தொட்டிலயோ இவரு மந்து கலிபினாரு, மருந்து கலந்தாருன்னு சொல்லி, இவர பிளாண்ட்லேர்ந்து தூக்கிட்டாங்க. தினமும் நின்னுக்கினே டியூட்டி." செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த மீன்தொட்டி?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நம் தொட்டிதான் என்றேன். புத்தூர் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"மண்ணுக்கு அடில தகடு வச்சது நான்தாங்க. நீங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போனப்போ வச்சேன். எங்க ஊர்ப் பெருமாள் மச்ச அவதாரமாச்சே. ஊடு கட்டினா, கெணறு வெட்டினா அடில செப்புத் தகடு வைக்கறதில்லியா? மீனு வர்ற எடம், பெருமாள் வர்ற எடம்னு, கோயில்ல பாதத்துல வச்சு எடுத்தாந்த தகட வச்சேன். உங்க நெஞ்சுக்காகத்தான் வச்சேன்."

"அவன்..." என்றேன். "அவருக்கு..."

"நீங்க போன் பேசப் போனப்போ நான்தான் காட்டினேன். அண்ணன் தோண்டி எடுத்துக் கழுவி என் கைல குடுத்தாரு. 'சாமி ரூம்ல வச்சிக்க தங்கச்சி, சாமிக்கு எங்க வச்சாலும் ஒண்ணுதான், நத்தைக்குத்தான் ஒத்துக்காது'ன்னாரு. நீங்க கத்துவீங்க, உங்களுக்கு எதுனா ஆயிடும்னு, சொல்லவே சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அப்பால நத்தை குடுத்தனுப்புனதும் அவருதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இதுக்காகவா அவர வேலைல மாத்துனாங்க? ஏங்க எங்கிட்ட சொல்லல?"

ஆஸ்பத்திரியில் நான் பேசியதை வீட்டில் சொன்னதில்லை. வீட்டில் நடந்தது எனக்கே தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் லிஃப்டில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்திருந்தால் மறுநாளே பிளாண்டுக்குத் திரும்பியிருப்பார். ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காக, என் பாழாய்ப்போன நெஞ்சுக்காக, ஒரு வருஷம் என் மூஞ்சியைப் பார்த்து எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொண்டிருந்தார். நின்றதால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை, டாக்டர்கள் இருக்கிற சபை இது. ஆனால் அதை நினைக்காமல் லிஃப்டில் ஏற முடியவில்லை. படியில்தான் ஏறுகிறேன்.

நடந்ததையெல்லாம் எழுதி நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். ஆளே இல்லாதபோது இது எதற்கு என்று தெலுங்கில் கேட்டார். தணிகாசலத்தின் ஃபைலில் வையுங்கள் என்றேன். வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உங்களிடம் வாயால் சொன்னதை வாயால் திருப்பி எடுக்க வேண்டும் இல்லையா? தணிகாசலம் எந்தத் தண்ணீரிலும் எதையும் கலக்கவில்லை. நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னேன் என்பதால் அது பொய் இல்லாமல் போகாது.

தகடு சாமி ரூமில், பெருமாள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது செடிதான். எல்லாம் அவர் நட்ட வேரிலிருந்து வந்தவை. தொட்டியில் இப்போது மீன் தெரியவில்லை, அவ்வளவு செடி. ரொம்பிப் போய்விட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால் ஈரப் பேப்பரில் சுற்றி, கூட்டம் முடிந்து போகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். பத்து நாளில் இலை கரையும். பயந்து வெளியே எறிந்துவிடாதீர்கள், வேர் இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கும்போது யாராவது, "உனக்கு இதுல இன்னா லாபம்?" என்று என்னைக் கேட்டால் கேளுங்கள். எனக்குக் கோபம் வராது.