கொக்கி என்ற பேர் டிவிக்குப் போன கதை

எங்க வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் பண்றவர். சட்டைப் பையில எப்பவும் முனை வளைஞ்ச கம்பி ஒண்ணு இருக்கும். அதனால சின்ன வயசுலேயே 'கொக்கி'ன்னு பேர் விழுந்துடுச்சு. மாமியாரே அப்படித்தான் கூப்பிடுவாங்க.

ஒருநாள் சீரியல் கதை எழுதுற அம்மா ஒருத்தங்க சாவியைத் தொலைச்சுட்டு வாசல்ல நின்னாங்க. இவர் போய்த் திறந்துவிட்டார். பேர் கேட்டிருக்காங்க, இவரும் சொல்லியிருக்கார். "அடடா, நல்லா இருக்கே! என் சீரியல்ல வெச்சுக்கவா?"ன்னாங்களாம். இந்த மனுஷனுக்குத் தலைகால் புரியலை.

சீரியல் ஆரம்பிச்சப்ப கொக்கி நல்லவன். எல்லார் வீட்டுக்கும் ஓடி ஓடி உதவி பண்ணுவான். இவர் சும்மா இருப்பாரா? "கொஞ்சம் பொறுங்க, கதை எப்படிப் போகுதுன்னு பாப்போம்"னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! கடை போர்டுல 'கொக்கி பூட்டுக் கடை, டிவியில் வரும் அதே பேர்'னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சுட்டார்.

அப்புறம்தான் அந்தக் கொக்கி கள்ளச்சாவி போட்டு, உதவி பண்ணின வீட்டையெல்லாம் கொள்ளையடிச்சான். ஊரே வாயைப் பிளந்து பார்த்துச்சு.

போர்டைக் கழட்டினோம். பேரை எங்கே கழட்டுறது? எழுதினவங்க வீட்டுக்குப் போய், "அவனை ஜெயில்லயாவது போடுங்கம்மா"ன்னு கெஞ்சினார். "அண்ணே, அவனை வெச்சுதானே சீரியலே ஓடுது!"ன்னு சிரிச்சு, காபி கொடுத்து அனுப்பிட்டாங்க. பாவி மகராசி! சீரியல் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் மத்தியானத்துல டிவிக்காரன் அதையே மறுபடி மறுபடி போடுறான். யாரும் வீட்டுக்குள்ள விடாத பூட்டுக்காரருக்கு என்ன பிழைப்பு? ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் எதிர்வீட்டு டீச்சர் குப்பை கொட்ட வெளியே வந்தப்ப கதவு தானாப் பூட்டிக்கிச்சு. சாவி உள்ளே. அடுப்புல பால். படுத்த படுக்கையா அவங்க வீட்டுக்காரர். "கொக்கி அண்ணே!"ன்னு அலறினாங்க. இவர் செருப்புகூடப் போடாம ஓடினார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கதவைத் திறந்துட்டார். உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு, ஒரே கேஸ் நாத்தம். டீச்சர் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க தெய்வம்ணே"ன்னு அழுதாங்க. தெருவே கூடிப் பார்த்துச்சு. எங்களுக்கு விடிஞ்சுடுச்சுன்னே நினைச்சேன்.

மறுநாள் காலையில எங்க வீட்டு வாசல்லயே இருக்கற கடைக்கு டீ கொண்டுபோனேன். இவர் எதிர்வீட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். அங்கே அடுத்த தெரு பூட்டுக்காரர் மண்டி போட்டு உட்கார்ந்து, டீச்சர் வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிக்கிட்டிருந்தார். டீச்சர் எங்க பக்கம் திரும்பவே இல்லை.

நான் சண்டைக்குப் புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். இவர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார்.

"விடு. அந்தப் பழைய பூட்டு நல்ல பூட்டு. இன்னும் ரொம்ப நாள் வந்திருக்கும்"னார்.